பருவம் வந்துவிட்டது, பக்குவம் வந்ததா?



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தந்தை தம் பதினைந்து வயது மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன் நிறுத்தினார். முந்தைய நாள் இரவு அவன் நண்பர்கள் இருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பைக்கை விரட்டி, சறுக்கி விழுந்திருக்கிறான். முழங்கையில் கட்டு, முகத்தில் சிராய்ப்பு. "ஹஜ்ரத், இவன் பாலிகாகி இரண்டு வருஷம் ஆகிறது. தொழுகையும் நோன்பும் கடமையான ஆளுக்கு நல்லது கெட்டது தெரியாதா? நாலு அடி போட்டுப் புத்தி சொல்லுங்கள்" என்றார். பைக் யாருடையது என்று கேட்டேன். தம்முடையது என்றார். சாவியை அவன் கையில் கொடுத்தது யார் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அதே மாதத்தில் அடையாறு பகுதியைச் சேர்ந்த, நன்கு படித்த தாய் ஒருவர் வேறொரு கோரிக்கையோடு வந்தார். "ஹஜ்ரத், இந்த வயதில் பிள்ளைகளின் மூளையே முழுசா வளர்ந்திருக்காதாம். சுபுஹுக்கு எழுப்பி அவனை நெருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இருபது வயதுக்கு மேல் அவனே தொழுதுகொள்வான்" என்றார்.

இருவரும் தம் பிள்ளையை நேசிப்பவர்களே. ஆயினும் இருவர் சொன்னதும் பிழை. முன்னவர் பருவமடைதலையும் பக்குவமடைதலையும் ஒன்றாக்கிவிட்டார். பின்னவர் பக்குவத்தைக் காரணம் காட்டிப் பருவத்தின் கடமையையே தள்ளிவைத்துவிட்டார். நம் மார்க்கச் சட்டமோ ‘புலூக்’ என்றும் ‘ருஷ்த்’ என்றும் இரண்டு சொற்களை வைத்து இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. இந்தப் பிரிவினையை மக்களுக்கு எடுத்துச் சொல்லாத குற்றம் பெற்றோரைவிட எங்களைப் போன்ற ஆசிரியர்களையே அதிகம் சாரும். எனவே இக்கட்டுரையில் வரும் கடுஞ்சொற்கள் முதலில் என் மீதே விழட்டும்.

மேடையில் முன்மூளை, மக்தபில் பிரம்பு

நம் பயான் மேடைகளில் பல ஆண்டுகளாக ஒரு செய்தி வலம் வருகிறது. ‘அல்அலக்’ அத்தியாயத்தின் 15, 16ஆம் வசனங்களில் ‘நாசியா’ எனும் முன்நெற்றி, பொய்யும் பாவமும் செய்வதாகக் கூறப்பட்டுள்ளது. முடிவெடுக்கும் ஆற்றல் மூளையின் முன்மடலில் இருப்பதாக இன்றைய அறிவியல் சொல்வதை அல்குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்பார்கள். கூட்டம் தக்பீர் முழங்கும்.

அவ்வசனங்கள் நபி (ஸல்) அவர்களைத் தொழவிடாமல் தடுத்த அபூஜஹ்லின் ஆணவத்தைக் கண்டித்து இறங்கியவை என்பதை விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். முன்நெற்றி முடியைப் பற்றி இழுப்பது அரபியரிடையே ஒருவனை அடக்கி இழிவுபடுத்துவதன் அடையாளம். அல்லாஹ்வின் வேதத்திற்கு ஆய்வுக்கூடங்களின் சான்றிதழ் தேவையில்லை. ஆண்டுதோறும் திருத்தப்படும் ஆய்வு முடிவுகளோடு அதைக் கட்டிவைப்பது அதற்குச் செய்யும் மரியாதையும் அன்று.

என் வருத்தம் வேறு. மேடையில் முன்மூளையின் அற்புதத்தைப் பேசிவிட்டு இறங்கும் நாம், மறுநாள் மக்தபில் அதே முன்மூளை இன்னும் முதிர்ந்திராத பதின்மூன்று வயதுப் பையனைப் பார்த்து, "உனக்கு மூளை இல்லையா?" என்று பிரம்பை ஓங்குகிறோம். அறிந்த செய்தி கைதட்டலுக்குப் பயன்பட்டது, பிள்ளைக்குப் பயன்படவில்லை. செயலுக்கு வராத அறிவைவிட்டுப் பாதுகாவல் தேடச் சொன்ன தூதரின் உம்மத்தினர் நாம்.

ஆய்வு சொல்வது என்ன?

"இதெல்லாம் மேற்கத்தியக் கதை" என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் அடையாற்றை அடுத்த ஐஐடி வளாகத்திலேயே மனித மூளையை ஆராய ஒரு தனி மையம் இயங்குகிறது. கருவிலுள்ள சிசுவின் மூளையை ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் உலகுக்குப் பொதுவில் வழங்கியது அம்மையம். படைப்பைக் கூர்ந்து நோக்கும் பணியில் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை.

பதின்பருவம் குறித்து அறிஞர்கள் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ ஆறு வயதிலேயே மூளை தன் முழு அளவில் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அதனால் வளர்ச்சி முடிந்துவிட்டது என்றே நெடுங்காலம் கருதினார்கள். 1999இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரே பிள்ளைகளை ஆண்டுகள் இடைவெளிவிட்டு எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்து வேறொன்றைக் கண்டனர். முன்மடலின் சாம்பல் நிறப் பொருள் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை பெருகிப் பின்னர் குறையத் தொடங்குகிறது.

இந்தக் குறைவு தேய்மானம் இல்லை. தோட்டக்காரர் கிளைகளைக் கழித்து மரத்திற்கு வடிவம் தருவதைப் போல, பயன்படும் நரம்பிணைப்புகள் நிலைத்து, பயன்படாதவை கழிகின்றன. அதே வேளையில் நரம்பிழைகளின்மேல் கொழுப்பு உறை படர்ந்து, செய்திகள் விரைந்து செல்ல வழி ஏற்படுகிறது. இப்பணி மூளையின் பின்புறத்தில் முன்னதாகவும், திட்டமிடுதல், விளைவை எண்ணிப் பார்த்தல், ஆசையை அடக்குதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான முன்பகுதியில் கடைசியாகவும் நிறைவுறுகிறது. அது இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்கிறது. இன்று ஒரு பிள்ளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறானோ அதற்கான பாதை மூளையில் உறுதிப்படுகிறது என்பதையும் இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள். ஓதுதலும் தொழுகையும் பழக்கமானால் அதற்கு ஒரு பாதை. நள்ளிரவு வரை கைபேசி பழக்கமானால் அதற்கும் ஒரு பாதை.

இன்னொன்று உண்டு. இன்பத்தையும் பாராட்டையும் நாடும் மூளைப்பகுதிகள் பருவமடைந்தவுடனேயே வேகமெடுக்கின்றன. கடிவாளம் பிடிக்கும் முன்மடலோ மெல்ல முதிர்கிறது. இதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு எளிமையாகக் காட்டியது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 306 பேரைக் கார் ஓட்டும் கணினி விளையாட்டில் ஈடுபடுத்தினர். தனியாக விளையாடியபோது பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்பருவத்தினர் மிகக் கூடுதலான ஆபத்தைத் தேடிக்கொண்டனர். பெரியவர்கள் அப்படிச் செய்யவில்லை. கடற்கரைச் சாலையில் விழுந்த அந்தப் பையனுக்கு வேகத்தின் ஆபத்து தெரியும். தனியே உட்காரவைத்துக் கேட்டபோது எனக்கே தெளிவாக விளக்கினான். பின்னிருக்கையில் இரண்டு நண்பர்கள் இருந்தபோது அந்த அறிவு அவனுக்குத் துணைநிற்கவில்லை.

இருபத்தைந்தாம் பிறந்தநாளில் மணியடித்தாற்போல் எவருக்கும் பக்குவம் வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவை பலரை அளந்து கண்ட பொதுப்போக்குகள். எந்தப் படக்கருவியும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் தக்வாவை அளந்து தராது. அவனை அறிய நீங்கள்தான் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஃபிக்ஹு முன்பே பிரித்து வைத்தது

இப்போது ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 6ஆம் வசனத்திற்கு வருவோம். அநாதைகளின் சொத்தைப் பராமரிப்பவர்களுக்கு அல்லாஹ் இடும் கட்டளை அது. பிள்ளைகள் திருமணப் பருவத்தை அடையும் வரை அவர்களைச் சோதித்து வரும்படியும், அவர்களிடம் ‘ருஷ்த்’ எனும் நல்லறிவைக் கண்டால் சொத்தை ஒப்படைக்கும்படியும் கூறுகிறது. பருவம் வந்துவிட்டது என்ற ஒன்றே போதுமென்றால் இரண்டாவது நிபந்தனை எதற்கு?

இமாம்கள் இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தனர். ருஷ்த் வெளிப்படாதவரை, வயது எத்தனையானாலும் சொத்தை ஒப்படைக்கக் கூடாது என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, பருவம் வந்தும் ருஷ்த் வராதவனின் சொத்தை அவன் 25 வயதை அடையும் வரை நிறுத்தி வைக்கலாம் என்று வரம்பிட்டார்கள். ஹிஜ்ரி 150இல் மறைந்த அந்த மாமேதை இவ்வயதைக் குறித்தது மனிதர்களை உற்று நோக்கியும் சட்டத்தை ஆய்ந்தும் ஆகும். இதையும் ‘அறிவியல் அற்புதம்’ என்று சுவரொட்டி அடிக்காதீர்கள். சட்டமாகப் பின்பற்றுங்கள், அதுவே போதும்.

நம் நாட்டுச் சட்டத்தில் உள்ளதையும் பாருங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, வயதுவராதவர் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பிள்ளையின் பிழைக்குப் பொறுப்பாளியைச் சட்டம் தேடும்போது, சாவியைக் கொடுத்தவரை நோக்கியே விரல் நீட்டுகிறது. அடிக்கச் சொல்லிப் பிள்ளையை என்னிடம் அழைத்து வந்த தந்தை இதைச் சிந்திக்கட்டும்.

அதே நேரத்தில், சொத்தை நிறுத்தி வைத்த அதே ஃபிக்ஹு, புலூக் வந்த நாளிலிருந்து தொழுகையைக் கடமையாக்கியது. அடையாற்றுத் தாய்க்கு என் பதில் இதுதான். ஆசையை அடக்கும் ஆற்றல் பயிற்சியால்தான் வலுப்பெறும். மூளை தன்னை வடிவமைத்துக்கொள்ளும் ஆண்டுகளில் ஐவேளை ஒழுங்கைக் கற்றுத் தராமல், வடிவம் உறைந்தபின் தானே தொழுவான் என்று காத்திருப்பது, ஈர மண்ணை விட்டுவிட்டுச் சுட்ட பானையை வளைக்க நினைப்பதாகும். எழுவது அவனுக்குக் கடினம் என்பது உண்மையே. இவ்வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதித்தே சுரக்கிறது என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. அதற்கு மருந்து தொழுகையைக் குறைப்பதன்று. இஷாவிற்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நண்பகல் சிறுதுயிலான கைலூலாவும் நம் மரபில் உண்டு. இரவு ஒன்பதரை வரை தி. நகரில் டியூஷன், பின்னர் ஒரு மணி வரை கைபேசி என்று அவன் இரவை நாமே தின்றுவிட்டு, சுபுஹின் மேல் பழி போடலாமா?

நபிவழியில் இளைஞர்

"உசாமா (ரலி) பதினெட்டு வயதில் படைத்தளபதி ஆனார்கள், உன்னால் ஒரு ஜுஸ்உ மனனம் செய்ய முடியவில்லையே" என்று பிள்ளைகளைக் குத்திக்காட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஸஹாபாக்களின் வரலாற்றைப் பாதிதான் சொல்கிறோம். இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹுதுப் போருக்கு முன்வந்தபோது நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பதினைந்து வயதில் அகழ்ப்போருக்கு அனுமதித்தார்கள். ஆர்வம் இருந்தும் அனுமதி இல்லை. உசாமா (ரலி) அவர்களின் படையிலோ மூத்த ஸஹாபாக்கள் இருந்தார்கள். தகுதியைக் கண்டு பொறுப்பு தரப்பட்டது. பொறுப்போடு துணையும் தரப்பட்டது. அமைதியாகச் சிந்திக்கையில் பதினாறு வயதினரின் பகுத்தறிவு ஏறக்குறைய பெரியவர்களுடையதே என்று ஆய்வாளர்கள் கூறுவதும் இதற்கு முரணன்று.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சம வயதுத் தோழர்களும் நபியவர்களிடம் இருபது இரவுகள் தங்கிக் கற்றார்கள். அவர்கள் வீட்டாரை எண்ணி ஏங்குவதை, அவர்கள் வாய்திறந்து சொல்லாமலேயே நபியவர்கள் உணர்ந்தார்கள். யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, ஊருக்குத் திரும்பிக் கற்பிக்கும்படி அனுப்பிவைத்தார்கள். ஹிஃப்ழு விடுதியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரவில் அழுதால், அதை ஷைத்தானின் ஊசாட்டம் என்று விரட்டும் ஆசிரியர்களே, இந்த ஹதீஸை நாம் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்?

விபசாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரை நினைவுகூருங்கள். சபையோர் அதட்டினார்கள். நபியவர்கள் அருகே அழைத்தார்கள். இதை உம் தாய்க்கு விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் சிந்தனையை அவருக்குள்ளேயே எழுப்பினார்கள். பின்னர் அவர்மேல் கைவைத்து துஆச் செய்தார்கள். நம்மிடம் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கை எங்கே விழுந்திருக்கும்?

பிரம்பைப் பற்றி

"ஏழு வயதில் ஏவுங்கள், பத்து வயதில் அடியுங்கள் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்ற கேள்வி வரும் என அறிவேன். அபூதாவூதில் உள்ள அந்த ஹதீஸ் தொழுகையைக் குறித்தது. ஸபக்கில் ஒரு ஹரகத்தை மறந்ததைக் குறித்ததன்று. அடி என்ற சொல்லுக்கு முன் மூன்று முழு ஆண்டுகள் ஏவுதல் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை என்று கணக்கிட்டால் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட அழைப்புகள். அத்தனை முறை அன்போடு அழைத்தவர் நம்மில் யார்? முகத்தில் அடிக்கக் கூடாது, காயம் ஏற்படக் கூடாது என்று ஃபுகஹாக்கள் அதற்கும் எல்லைகள் வகுத்தனர். நபியவர்கள் போர்க்களம் தவிர வேறெங்கும் தம் கையால் எவரையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சிறுவராக வந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களோ, நபியவர்கள் தம்மைப் பார்த்து ‘ச்சீ’ என்றுகூடச் சொன்னதில்லை என்கிறார்கள். கடுமை காட்டி வளர்க்கப்படும் மாணவன் ஊக்கம் இழந்து, பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்கிறான் என்று இப்னு கல்தூன் (ரஹ்) ‘முகத்திமா’வில் ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடைசெய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் எல்லையிலிருந்து விலக்கியது. நம் கல்விமுறையின் தனித்தன்மையைக் காக்கவே அந்த விலக்கைக் கேட்டோம். பிரம்பைக் காக்கவா கேட்டோம்? அரசு கண்காணிக்காத இடத்தில் அல்லாஹ் கண்காணிக்கிறான் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், அதை நமக்கும் போதித்துக்கொள்ள வேண்டும்.

நானும் பிரம்பு பிடித்தவன்தான். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் பிடித்தேன். அன்று என்னிடம் அடிவாங்கிய ஒருவர் இன்று மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கம் என்னைக் கண்டால் ஸலாம் சொல்கிறார், ஆனால் நிற்பதில்லை. அவருக்கு நான் கற்றுத் தந்த ஸூராக்களில் எத்தனை நினைவிருக்கிறதோ அறியேன். என் கை நினைவிருக்கிறது என்பதை மட்டும் அறிவேன்.

இதில் ஓர் உயிர்ப்பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்குச் செவிசாய்க்கும் ‘சிநேகா’ அமைப்பு 1986 முதல் இயங்கி வருகிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் நகரம் அஞ்சுவது எதைக் குறித்து என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கு ஓர் இரவின் அவமானமாகத் தோன்றுவது, பதினைந்து வயது மனத்திற்கு உலகத்தின் முடிவாகத் தோன்றலாம். அந்நேரத்தில் அருகில் உட்கார ஒருவர் இருந்தால் அலை கடந்துபோகும். உறவினர் முன்னிலையில் பிள்ளையை இழிவுபடுத்தும் வாப்பாமார்களே, உம்மாமார்களே, அஞ்சிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

‘சோதித்து வாருங்கள்’ என்ற இறைக்கட்டளையை வீட்டில் நடைமுறைப்படுத்துங்கள். சிறு தொகையைத் தந்து கடைத்தெருவில் பேரம் பேசவைத்துப் பிள்ளையைச் சோதிக்கலாம் என்று ஃபுகஹாக்கள் எழுதினார்கள். வரும் பெருநாளில் குடும்பத்தின் துணிச்செலவில் ஒரு பங்கை மகனிடமோ மகளிடமோ கொடுங்கள், தி. நகருக்கு உடன் சென்று, சற்றுத் தள்ளி நில்லுங்கள். பிழை செய்தால் கணக்கைக் கேளுங்கள், கேலி செய்யாதீர்கள். அடுத்த முறை இன்னும் சற்று கூடுதலாகக் கொடுங்கள். பணத்தில் பிழைத்தால் நூறு ரூபாய் போகும். பைக்கில் பிழைத்தால் உயிர் போகும். ஆகவே சாவியைச் சட்டம் அனுமதிக்கும் வயது வரை உங்கள் சட்டைப்பையிலேயே வையுங்கள். பராஅத் இரவிலும் லைலத்துல் கத்ரு இரவிலும் சிறப்பாக வையுங்கள்.

மஹல்லா நிர்வாகிகளிடம் வேண்டுவது மூன்று. மக்தபிலும் விடுதியிலும் பிரம்பு கூடாது என்று எழுத்தில் தீர்மானம் இயற்றுங்கள். ஆசிரியர்களுக்குப் பதின்பருவ உளவியலில் பயிற்சி கொடுங்கள்; அதற்கேற்ற ஊதியமும் கொடுங்கள். ஜமாஅத்தின் பொறுப்புகளில் இளைஞர்களுக்கு, ஒரு மூத்தவரின் துணையோடு, உண்மையான பணி ஒன்றை ஒப்படையுங்கள். நண்பர்களின் பார்வை அவர்களை ஆபத்துக்கு இழுக்கும் என்றால், நல்ல நண்பர்களின் பார்வை நன்மைக்கும் இழுக்கும்.

அர்ஷின் நிழல் பெறும் எழுவரில், இறைவணக்கத்திலேயே வளர்ந்த இளைஞரும் ஒருவர். கடிவாளம் முதிராத வயதில் தன்னை அடக்கி ஆள்வது எத்தனை கடினம் என்பதைப் படைத்தவன் அறிவான்; அதனாலன்றோ அந்த இடம். அந்தக் கடினத்தை அறியாதவர்களாக நாம் அவர்கள்மேல் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

கட்டோடு வந்த அந்தப் பையன் இப்போது மஃக்ரிபுக்குப் பின் சிறுவர்களுக்கு யஸ்ஸர்னல் குர்ஆன் சொல்லிக்கொடுக்க எனக்கு உதவுகிறான். சில நாட்கள் தாமதமாக வருகிறான். காரணம் கேட்கிறேன்; சொல்கிறான். பைக்கில் வருவதில்லை.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்கு ருஷ்தை வழங்குவாயாக. அது வரும்வரை பொறுத்திருக்கும் ருஷ்தை எங்களுக்கும் வழங்குவாயாக. ஆமீன்.